துண்டு துண்டாக வெளிச்சம்: படப்பிடிப்பில் மாடுலர் எல்.இ.டி விளக்குகள்

வளசரவாக்கம் பக்கம் ஒரு பழைய வீடு, பத்துக்குப் பத்து அறை, அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளும் காட்சி, ஜன்னல் வழியே மெல்லிய காலை வெளிச்சம் வர வேண்டும், ஆனால் எடுப்பதோ இரவு பத்து மணிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது வருடத்துக்கு முன்னால் என்றால் ஜன்னலுக்கு வெளியே 5 கிலோவாட் டங்ஸ்டன் விளக்கு ஒன்று நிற்கும், அதன் முன்னால் பகல் நிறம் வருவதற்காக நீல ஜெலட்டின் தாள், அதற்கும் முன்னால் வெளிச்சத்தை மென்மையாக்க ஒரு ஸ்கிம்மர். அந்த நீல ஜெலட்டின் மட்டுமே வெளிச்சத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடும். 230 வோல்ட்டில் 5 கிலோவாட் என்றால் கிட்டத்தட்ட 22 ஆம்பியர், வீட்டில் இருக்கும் பெரிய பிளக் பாயின்ட் தாங்குவதே 16 ஆம்பியர்தான், அதனால் தெருமுனையில் ஜெனரேட்டர் வண்டி, அங்கிருந்து வீடு வரை கனமான கேபிள், விளக்கைத் தூக்க இரண்டு மூன்று பேர், சுட்டால் பிடிக்கக் கையுறை.

இன்றைக்கு அதே ஜன்னலுக்கு வெளியே தலைக்கு 400 வாட் இழுக்கும் நான்கு தட்டையான எல்.இ.டி பேனல்களை ஒரே சட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, மொத்தம் 1600 வாட், அதாவது சுமார் 7 ஆம்பியரில், சமையலறை பிளக்கிலிருந்தே மின்சாரம் எடுத்து வேலையை முடித்துவிடலாம். நிறத்துக்கு ஜெலட்டின் வேண்டாம், அடுத்த காட்சி மாலை என்றால் அங்கேயே நிறத்தை மாற்றிக்கொள்ளலாம், அதற்கடுத்த காட்சி குளியலறையில் என்றால் நான்கில் ஒன்றை மட்டும் கழற்றி உள்ளே கொண்டுபோகலாம். இந்தக் கடைசி விஷயம்தான் மாடுலர். எல்.இ.டி மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது என்பதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், வெளிச்சத்தைத் துண்டுகளாக்கிச் சேர்ப்பதும் பிரிப்பதும் என்ன செய்கிறது, எங்கே காலை வாருகிறது என்பதைப் பற்றி நம் மொழியில் பேச்சு குறைவு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், துண்டுகளைச் சேர்த்துப் பெரிய வெளிச்சம் செய்யும் யோசனை எல்.இ.டி கொண்டுவந்தது இல்லை. அதற்கு முன்னால் பெரிய வெளிச்சம் என்றால் ஒற்றைப் பெரிய விளக்குதான், ப்ரூட் என்று பெயர் பெற்ற கார்பன் ஆர்க் விளக்கு 225 ஆம்பியர் நேர்மின்சாரம் குடிக்கும், கார்பன் குச்சி எரிந்து குறையக் குறைய அதைக் கவனித்துச் சரிசெய்ய ஓர் ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அப்புறம் ஒரே சட்டத்தில் சின்னச் சின்ன பார் (PAR, உள்ளேயே பிரதிபலிப்பான் வைத்த) விளக்குகளை வரிசையாக அடுக்கினார்கள். ஒன்பது விளக்கு வைத்த மினி ப்ரூட், ஆளுக்கு 1 கிலோவாட் என்று 24 விளக்கு வைத்த டைனோ எல்லாம் அந்த வகை, நம் யூனிட்களில் மல்டி டென் என்று சொல்லும் விளக்கும் அதே குடும்பம்தான். வேண்டியதை மட்டும் எரியவிடலாம், ஒரு பல்பு போனாலும் மற்றவை எரியும். ஆனால் எல்லாம் ஒரே கனமான இரும்புச் சட்டத்துக்குள், ஒரே நிறத்தில், நெருப்புச் சூட்டோடு. பிரித்து எடுத்துக்கொண்டு போக முடியாது.

பிரித்து எடுப்பதில் முக்கியமான ஓர் அடி 1987இல் விழுந்தது. ராபி முல்லர் ஒளிப்பதிவு செய்த பார்ஃப்ளை படத்தின் நெருக்கமான அறைகளுக்குள் வழக்கமான விளக்குகள் நுழையவில்லை, அங்கே ஒளியமைப்புக் குழுவில் இருந்த ஃப்ரீடர் ஹாக்ஹைமும் கேரி ஸ்விங்கும் குழல் விளக்கிலிருந்து அதற்கு மின்சாரம் தரும் பாலஸ்டைப் பிரித்துத் தள்ளி வைத்து, வெறும் குழல்களை மட்டும் நீண்ட வயரில் இழுத்துச் சுவரிலும் மூலையிலும் ஒட்டினார்கள். அந்தக் கைவேலையிலிருந்து பிறந்ததுதான் கினோ ஃப்ளோ நிறுவனம். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் இன்று நாம் மாடுலர் என்று சொல்வதன் கரு அதில் முழுதாக இருக்கிறது: வெளிச்சம் தருகிற பாகம் வேறு, மின்சாரம் தருகிற பாகம் வேறு, வெளிச்சம் தருகிற பாகம் லேசாக, தட்டையாக, வேண்டிய இடத்துக்குப் போகிற மாதிரி இருக்க வேண்டும்.

எல்.இ.டி இதை எளிதாக்கியதற்குக் காரணம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. பழைய பல்பை வெட்டிப் பாதியாக்க முடியாது. எல்.இ.டி விளக்கோ பிறக்கும்போதே நூற்றுக்கணக்கான சில்லுகள், ஒவ்வொன்றும் சில வோல்ட்டில் ஓடும் தனி விளக்கு. எங்கே வெட்டினாலும் விளக்குதான். அறைக்கு வெளிச்சம் தரும் வெள்ளை எல்.இ.டி சாத்தியமானதே 1993இல் ஷூஜி நகமுரா ஜப்பானில் பிரகாசமான நீல எல்.இ.டியைச் செய்து காட்டிய பிறகுதான், அதற்கான நோபல் பரிசை அவரும் இசாமு அகாசாகியும் ஹிரோஷி அமானோவும் 2014இல் பகிர்ந்துகொண்டார்கள். நீலச் சில்லின் மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் என்ற பொருளைப் பூசினால் கண்ணுக்கு வெள்ளை. 2001இல் தொடங்கிய லைட்பேனல்ஸ் நிறுவனம் இதைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தது, அவர்கள் செய்த ஓரடிக்கு ஓரடிச் சதுர பேனல் ஒரு வகையில் செங்கல் மாதிரி, எத்தனை வேண்டுமோ அத்தனை அடுக்கிக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு வந்தவற்றில் மாடுலர் என்ற சொல்லுக்கு மூன்று நான்கு அர்த்தம் உண்டு, இதைக் குழப்பிக்கொள்வதால்தான் வாடகைக்கு எடுக்கும்போது தவறு நடக்கிறது என்று நினைக்கிறேன். எஸ்டோனியாவின் தாலின் நகரத்து டிஜிட்டல் ஸ்புட்னிக், சின்னச் சின்னத் தலைகளை ஒன்று, மூன்று, ஆறு என்று சேர்த்து மாட்டுகிற முறையில் செய்தார்கள், தலை எத்தனை என்பதைச் சட்டம் தீர்மானிக்கும். ஆஸ்திரேலியாவின் க்ரீம்சோர்ஸ் வேறு வழி, அவர்களின் வோர்டெக்ஸ்8 விளக்கு 650 வாட், வோர்டெக்ஸ்4 அதில் பாதி, ஆகவே பெரியதும் சின்னதும் ஒரே சுவராகச் சேரும், மழைத்தூறலையும் தாங்கும். ஆரி நிறுவனத்தின் ஸ்கைபேனல் 2015இல் வந்தபோது ஒற்றைப் பேனல்தான், 2023இல் அறிவித்த ஸ்கைபேனல் எக்ஸ் முழுக்க வேறு மாதிரி: ஒரே பேனலை ஒன்றாக, இரண்டாக, மூன்றாகச் சேர்க்கலாம், அதோடு முகப்பையும் மாற்றலாம், கூர்மையான வெளிச்சம் வேண்டுமானால் லென்ஸ் முகப்பு, மென்மை வேண்டுமானால் டோம். நிறவெப்பம் 1,500 கெல்வினிலிருந்து 20,000 கெல்வின் வரை, அதாவது அகல்விளக்குச் சுடரையும் தாண்டிய சிவப்பிலிருந்து அடர் நீல வானம் வரை. இதற்கெல்லாம் எதிர்முனையில் மியூனிக்கின் ஆஸ்டெரா செய்யும் டைட்டன் ட்யூப் போன்ற குழல் விளக்குகள், உள்ளேயே பேட்டரி, வயர் இல்லை, ஒரு குழலுக்குள் 16 தனித்தனிப் பகுதிகள். ஒன்றில் துண்டுகள் சேர்ந்து பெரிய விளக்காகின்றன, இன்னொன்றில் ஒரே துண்டு வேறு வேறு முகம் போடுகிறது, மூன்றாவதில் துண்டுகள் அறை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. எந்தக் காட்சிக்கு எது என்று தெரியாமல் மாடுலர் வேண்டும் என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் கையில் இருப்பதைத்தான் தருவார்.

கணக்கு ஒன்றைப் பார்த்துவிடலாம். ஒரு பேனல் இருக்கும் இடத்தில் இரண்டு வைத்தால் வெளிச்சம் இரண்டு மடங்கு, அது கேமராவில் ஒரு ஸ்டாப். இன்னொரு ஸ்டாப் வேண்டுமென்றால் நான்கு பேனல், மூன்றாவதுக்கு எட்டு, நான்காவதுக்குப் பதினாறு. முதல் ஸ்டாப் மலிவு, நான்காவது ஸ்டாப்புக்கு எட்டு பேனல் கூடுதலாக வேண்டும். அதே நேரத்தில் பேனலைப் பாதித் தூரத்துக்கு நகர்த்தினாலே சின்ன விளக்காக இருந்தால் இரண்டு ஸ்டாப் கிடைத்துவிடும். அதனால் வெளிச்சம் போதவில்லை என்றவுடன் இன்னும் நான்கு கொண்டுவாங்க என்று சொல்வதற்கு முன், ஃபிரேமுக்குள் வராமல் எவ்வளவு கிட்டே போகலாம் என்று பார்ப்பது நல்லது. ஆனால் பேனல்களைச் சேர்ப்பதால் கிடைக்கும் வேறொன்று நகர்த்துவதால் மட்டும் வராது, அதுதான் அளவு. ஒரு முகத்துக்கு ஆறடிச் சுவர் ஒன்று பக்கத்தில் நின்று வெளிச்சம் தந்தால் நிழல் கன்னத்தில் மெதுவாகக் கரையும், நடிகர் ஓரடி முன்னே பின்னே நகர்ந்தாலும் வெளிச்சம் சட்டென்று கூடிக் குறையாது. நல்ல நடிகர் அந்த அறையில் சுதந்திரமாக நடக்க முடிவது இதனால்தான். என்னைக் கேட்டால் மாடுலர் விளக்கின் மிகப் பெரிய பரிசு இதுதான், வாட் மிச்சமெல்லாம் இரண்டாவது.

அதேபோல அது தராததையும் சொல்ல வேண்டும். ஜன்னல் கம்பியின் நிழல் தரையில் கோடு போட்ட மாதிரி விழ வேண்டுமென்றால் வெளிச்சம் தொலைவில், ஒரே புள்ளியிலிருந்து வர வேண்டும். பேனல் சுவர் எத்தனை பெரிதாக இருந்தாலும் அந்தக் கோடு வராது, பெரிதாக ஆக ஆக இன்னும் மங்கும். அங்கே இன்னமும் ஹெச்.எம்.ஐ என்ற பெரிய பகல்நிற விளக்கு, அல்லது ஒற்றைப் பெரிய சில்லுத் தொகுப்பு வைத்த 1200, 2600 வாட் எல்.இ.டி ஸ்பாட்தான் வேலைக்கு ஆகும்.

இனி காலை வாரும் இடங்கள். முதலாவதும் முக்கியமானதும் நிறம். எல்.இ.டி சில்லுகள் தொழிற்சாலையில் ஒரே மாதிரி வருவதில்லை, செய்து முடித்த பிறகு நிறத்தையும் பிரகாசத்தையும் அளந்து தரம் பிரித்து விற்கிறார்கள், நெல்லைச் சலித்துப் பிரிப்பது போல. நல்ல நிறுவனம் ஒரே குறுகிய தரத்தில் வாங்கும், பிறகு ஒவ்வொரு விளக்கையும் அளந்து அதன் மூளைக்குள் திருத்தம் எழுதும். மலிவான விளக்கில் இந்த இரண்டும் இருக்காது. ஒற்றை விளக்காக வைத்தால் யாருக்கும் தெரியாது, பக்கத்தில் பக்கத்தில் நான்கு வைக்கும்போதுதான் ஒன்று லேசாகப் பச்சை, ஒன்று லேசாக ரோஸ் என்று தெரியும். மாடுலர் முறை தன் தரத்தைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

சூடும் சேர்ந்துகொள்கிறது. சிவப்பு எல்.இ.டி செய்யும் பொருள் வேறு, நீலமும் பச்சையும் செய்யும் பொருள் வேறு, சூடு ஏறும்போது சிவப்பின் வெளிச்சம் மற்றவற்றைவிட வேகமாகக் குறையும். சுவரின் நடுவில் மாட்டிய பேனலுக்குக் காற்றோட்டம் குறைவு, ஓரத்துப் பேனலுக்கு அதிகம், அதனால் திருத்தம் செய்யாத விளக்குகள் ஒரு மணி நேரம் எரிந்த பிறகு நடுவில் ஒரு நிறமும் ஓரத்தில் ஒரு நிறமுமாக நிற்கும். சித்திரை மாதம் சென்னையில் வெளிப்புறத் தளத்தில் இதைப் பார்க்கலாம். நல்ல விளக்குகளில் வெப்பத்தை உணர்ந்து சிவப்பைக் கூட்டும் ஏற்பாடு இருக்கிறது, வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

நிறத்தில் இன்னொரு சிக்கல் ஸ்பெக்ட்ரம், அதாவது வெளிச்சத்துக்குள் எந்தெந்த நிறம் எவ்வளவு இருக்கிறது என்பது. டங்ஸ்டன் விளக்கில் ஊதாவிலிருந்து சிவப்பு வரை இடைவெளி இல்லாத ஒரே சரிவு. நீலச் சில்லும் மஞ்சள் பாஸ்பரும் சேர்ந்த வெள்ளையில் 480 நானோமீட்டர் பக்கம் ஒரு பள்ளம், அடர் சிவப்பில் ஒரு பஞ்சம். சிவப்பு, பச்சை, நீலம் மட்டும் கலந்து செய்யும் வெள்ளையில் மஞ்சள் இருக்க வேண்டிய இடமே காலி. மனிதத் தோலின் உயிர் இருப்பது அந்த மஞ்சளிலும் ஆரஞ்சிலும் அடர் சிவப்பிலும்தான், நம்முடைய மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இது இன்னும் பொருந்தும், அந்தப் பகுதியில் விளக்கு கஞ்சத்தனம் செய்தால் தோல் சாம்பல் பூசியது போல ஆகிவிடும். அதனால்தான் நல்ல விளக்குகளில் மூன்று நிறத்தோடு நிற்காமல் ஆம்பர், லைம், மின்ட், சயான் என்று சேர்த்துக்கொண்டே போகிறார்கள். பெரிய எல்.இ.டி திரைகளுக்கு முன் எடுக்கும் படங்களில் இதே தொல்லை உண்டு, திரையின் வெளிச்சம் மூன்றே நிறம், முகத்துக்குத் தனி விளக்கு வைத்தே தீர வேண்டும்.

இதை அளக்க பெட்டியில் அச்சிட்டிருக்கும் சி.ஆர்.ஐ என்ற நிறத்தர எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அது மனிதக் கண்ணை வைத்து, எட்டு வெளிர் நிறங்களின் சராசரியாக எடுக்கும் கணக்கு, அடர் சிவப்பு அந்த எட்டில் இல்லை, ஆர்9 என்று தனியாகத்தான் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒளிபரப்பு யூனியன் 2012இல் பரிந்துரைத்த டி.எல்.சி.ஐ, கேமராவின் கண்ணை வைத்து அளக்கிறது. ஆஸ்கர் அகாடமி உருவாக்கிய எஸ்.எஸ்.ஐ, விளக்கின் ஸ்பெக்ட்ரம் சூரிய வெளிச்சம் அல்லது டங்ஸ்டனின் ஸ்பெக்ட்ரத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்று நேராக ஒப்பிடுகிறது. இரண்டு நிறுவன விளக்குகளும் தனித்தனியே டி.எல்.சி.ஐயில் 95க்கு மேல் வாங்கியிருக்கலாம், பக்கத்தில் வைத்தால் ஒத்துப்போகாமலும் இருக்கலாம். ஆகவே ஒரே முகத்துக்கு வெளிச்சம் தரும் சுவரில் இரண்டு நிறுவனங்களைக் கலக்காமல் இருப்பது நல்லது. ஒரே நிறுவனத்தின் விளக்கிலும் ஒன்றில் பழைய மென்பொருளும் இன்னொன்றில் புதியதும் இருந்தால் ஒரே 5600 கெல்வின் பகல் நிறம் இரண்டு விதமாக வரக்கூடும்.

அடுத்தது பிரதிபலிப்பு. நான்கு பேனலைச் சேர்த்தால் நடுவில் கறுப்பு இடைவெளி ஒரு சிலுவைபோல நிற்கும். முகத்தில் அது தெரியாது, கண்மணியில் தெரியும், மூக்குக்கண்ணாடியில் தெரியும், காரின் மீது, எவர்சில்வர் பாத்திரத்தின் மீது ஜன்னல் கம்பி மாதிரி அப்படியே தெரியும். தீர்வு பழையதுதான், முன்னால் ஒரு ஸ்கிம்மர் அல்லது பட்டர் பேப்பர், ஒட்டி வைக்காமல் ஓரடியாவது தள்ளி, நான்கு வெளிச்சமும் துணியில் கலந்து ஒன்றான பிறகு முகத்துக்கு வரும்படி. இதில் ஒரு ஸ்டாப் வரை போகும், முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மின்சாரத்தில் ஏமாறுவது மிகவும் சுலபம். 1600 வாட்தானே, 16 ஆம்பியர் பிளக் போதுமே என்று நினைத்து நான்கையும் ஒரே ஸ்விட்சில் போட்டால் எம்.சி.பி டப்பென்று விழுகிறது. காரணம், ஒவ்வொரு பேனலின் பவர் சப்ளையும் தொடங்கும் கணத்தில் தன் கெப்பாசிட்டரை நிரப்பிக்கொள்ள ஒரு பெரிய இழுப்பு இழுக்கும், நான்கும் ஒரே கணத்தில் இழுத்தால் பிரேக்கருக்கு அது ஷார்ட் சர்க்கியூட் மாதிரி. ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் ஒன்றும் ஆகாது. இன்னொன்று கசிவு. ஒவ்வொரு சப்ளையும் எர்த்துக்குக் கொஞ்சம் மில்லி ஆம்பியர் கசியவிடும், தனியே அது ஆபத்தில்லை, ஆனால் பத்து பேனல் ஒரே லைனில் இருந்தால் எல்லாம் கூடி 30 மில்லி ஆம்பியரில் விழும் உயிர்காப்பு பிரேக்கரை வீழ்த்திவிடும். அப்போது எர்த் வயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டுவது என்ற ஒரு கெட்ட பழக்கம் சில தளங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், மழை செட்டில் நிற்கும் மனிதரின் உயிர் அந்த வயரில் இருக்கிறது. லைனைப் பிரித்து இரண்டு மூன்று பிரேக்கரில் போடுங்கள்.

தலைக்கு மேல் தொங்கவிடுவதும் இப்படித்தான். ஒரு பெரிய விளக்குக்கு ஒரு பாதுகாப்புக் கம்பி போதும், எட்டுத் துண்டு என்றால் எட்டுக் கம்பி, ஒவ்வொரு முகப்புக்கும் தனி. இணைக்கும் கிளிப் தாங்கும் என்று விட்டுவிடக் கூடாது.

கட்டுப்பாட்டுக்கு வந்தால், 1986இல் நாடக மேடைகளுக்காக வகுத்த டி.எம்.எக்ஸ் 512 என்ற முறையையே இன்றும் சினிமா பயன்படுத்துகிறது, பெயரில் இருக்கிற மாதிரி ஒரு லைனுக்கு 512 சேனல். பழைய டிம்மருக்கு ஒரு விளக்குக்கு ஒரு சேனல் போதும். இப்போது ஒரு குழலில் 16 பகுதி, பகுதிக்கு மூன்று நிறம் என்றால் 48 சேனல், பத்துக் குழலில் 480 போய்விடும், பதினோராவது குழலுக்கு இடமில்லை. அதற்காகத்தான் நெட்வொர்க் வழியே பல லைன்களை ஓட்டும் ஆர்ட்நெட் மாதிரியான முறைகளும் வயர்லெஸ் கருவிகளும், அவற்றை ஓட்ட தளத்தில் ஒரு புது ஆளும். கார் ஓடுவதுபோலக் காட்ட வேண்டிய காட்சியில் தெருவிளக்குகள் முகத்தைக் கடந்து போவதை முன்பு நான்கு லைட்மேன்கள் கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிக் காட்டினார்கள், இப்போது கூரையில் மாட்டிய குழல்களில் வெளிச்சம் தானே ஓடுகிறது. 2013இல் வந்த கிராவிட்டி படத்துக்காக எல்.இ.டி பேனல்களால் ஒரு பெட்டியே கட்டி, நடிகரை உள்ளே நிறுத்தி, பூமியும் சூரியனும் அவரைச் சுற்றுவதை வெளிச்சத்தாலேயே காட்டினார்கள், இமானுவேல் லுபெஸ்கிக்கு அந்தப் படத்தின் ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

விளக்கைக் குறைந்த பிரகாசத்தில் ஓட்டும்போது ஃப்ளிக்கர், அதாவது படத்தில் வெளிச்சம் துடிப்பது, இருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 24 ஃபிரேமுக்கு 172.8 டிகிரி ஷட்டர், அதாவது ஃபிரேமுக்கு 1/50 நொடி, வைக்கும் பழக்கம் பழைய விளக்குகளுக்குச் சரியாக இருந்தது, எல்.இ.டியில் பல விளக்குகள் வேகமாக அணைந்து எரிந்துதான் மங்குகின்றன, அந்த வேகம் விளக்குக்கு விளக்கு வேறு, ஸ்லோ மோஷனில் கோடு கோடாக வரும். ஃபேன் சத்தமும் இப்படி ஒன்று. டப்பிங் பழக்கத்தில் இருந்தவரை யாரும் கண்டுகொள்ளவில்லை, லைவ் சவுண்டில் எடுக்கும்போது எட்டு பேனலின் எட்டு ஃபேனும் சேர்ந்து ஓர் அறையை நிரப்பிவிடும்.

லைட்மேன்களைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. விளக்கு லேசானவுடன் ஆள் எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்று தயாரிப்புப் பக்கம் பேச்சு வரும். பத்துத் துண்டுக்குப் பத்து ஸ்டாண்டு, பத்து வயர், பத்து பேட்டரி சார்ஜ், பத்து டி.எம்.எக்ஸ் முகவரி, எது எங்கே இருக்கிறது என்ற நினைவு, இந்த வேலை குறையவில்லை, மாறியிருக்கிறது. முப்பது வருடம் நிழலைப் பார்த்துப் பழகிய ஒரு சீஃப் லைட்மேனுக்கு விளக்குகளை இயக்கும் இந்தப் போர்டை ஒரு வாரம் கற்றுக்கொடுத்தால் அவர் செய்யும் வெளிச்சம், போர்டு மட்டும் தெரிந்தவர் செய்வதைவிட எத்தனையோ நன்றாக இருக்கும். அந்த ஒரு வாரத்துக்கான சம்பளத்தை யாராவது தர வேண்டும், விளக்கு வாடகையில் மிச்சமாகும் பணத்தில் அதற்கு இடம் இருக்கிறது.

கடைசியாக, படப்பிடிப்புக்கு முதல் நாள் வாடகைக் கடையிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை. வெள்ளைத் தெர்மோகோல் ஒன்றைச் சுவரில் சாய்த்துவையுங்கள். எல்லாப் பேனல்களையும் 5600 கெல்வின், 50 சதவீதத்தில் வைத்து, அரை மணி நேரம் எரியவிட்டுவிட்டு, இரண்டிரண்டாக அந்தத் தெர்மோகோலில் பக்கத்தில் பக்கத்தில் விழவைத்து, நீங்கள் எடுக்கப்போகும் அதே கேமராவில், வைட் பேலன்ஸைப் பூட்டி வைத்துப் பாருங்கள், அப்புறம் 3200இல் ஒருமுறை, 5 சதவீதத்தில் ஒருமுறை. நடுவில் கோடு தெரிந்தால் அந்த ஜோடி ஒரே முகத்துக்கு வேண்டாம். ஒத்துப்போகிறவற்றின் முதுகில் ஒரே நிற டேப்பை ஒட்டி எண் போடுங்கள், ஒத்துப்போகாததைத் திருப்பித் தர வேண்டியதில்லை, பின்னணிச் சுவருக்கு வைத்துக்கொள்ளலாம்.